உவமைக்கு எங்கள் பெயர்தான் கிடைத்ததா?

நாங்கள் நடத்தும் மாலைப் படிப்பகத்துக்கு வரும் பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தி, சில மாதங்களுக்கு முன் ஆங்கில நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். பள்ளியில் பத்துச் சொற்களைக் கொடுத்து, பொருள் எழுதி, வாக்கியத்தில் அமைத்து வரச் சொல்லியிருந்தார்கள். ஒன்பதை முடித்துவிட்டாள். பத்தாவது சொல், 'பரையா'. அகராதியைப் பார்த்து 'ஒதுக்கப்பட்டவர், யாரும் சேர்த்துக்கொள்ளாதவர்' என்று பொருளும் எழுதிவிட்டாள். வாக்கியம் எழுத வேண்டிய இடம் மட்டும் காலியாக இருந்தது.

"அக்கா, இது நம்ம சாதிப் பேருதானே? இதை வெச்சு நானே எப்படிக்கா வாக்கியம் எழுதறது?"

வகுப்பில் ஆசிரியர் அந்தச் சொல்லை வாசித்தபோது பின்வரிசையில் யாரோ சிரித்தார்களாம். இரண்டு பேர் இவளைத் திரும்பிப் பார்த்தார்களாம். ஆசிரியர் அதைக் கவனிக்காமல் அடுத்த சொல்லுக்குப் போய்விட்டார். அவர் கெட்டவர் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்பதே அவருக்குத் தெரியாமல் இருந்திருக்கலாம். தெரியாமலே ஒருவர் ஆசிரியராகிவிட முடிகிறது, அதுதான் எங்கள் கோபம்.

தோழர்களே, இலக்கிய வகுப்பைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. கட்டணம், கல்வி உதவித்தொகை, விடுதிச் சாப்பாடு, சாதிச் சான்றிதழ் என்று நமக்கு ஆயிரம் போராட்டம். உவமையும் உருவகமும் வயிறு நிறைந்தவர்களின் பொழுதுபோக்கு என்று நம்மில் பலரே நினைக்கிறோம். அந்த நினைப்பு தவறு. நம்மை ஒதுக்கிவைத்த ஏற்பாடு முதலில் ஓர் உருவகமாகத்தான் எழுதப்பட்டது. இன்றைக்கும் நமக்கு எதிரான வன்முறைக்கு முன்னால் ஒரு சொல் போகிறது. பின்னாலும் ஒரு சொல் வருகிறது. அந்தச் சொற்களைப் பிரித்துப் பார்க்கத் தெரியாத பிள்ளை, நூற்றுக்கு நூறு வாங்கினாலும் படிக்கத் தெரியாத பிள்ளைதான்.

மறைந்திருக்கும் நான்காவது உறுப்பு

உவமைக்கு நான்கு உறுப்புகள் என்று எல்லோரும் படித்திருக்கிறோம். எதைச் சொல்ல வருகிறோமோ அது உவமேயம். எதனோடு ஒப்பிடுகிறோமோ அது உவமானம். 'போல', 'அன்ன' என்பவை உவம உருபு. இரண்டுக்கும் பொதுவாக இருப்பது பொதுத்தன்மை. 'தாமரை போன்ற முகம்' என்றால் முகம் உவமேயம், தாமரை உவமானம், 'போன்ற' உருபு. பொதுத்தன்மை எங்கே? சொல்லப்படவில்லை. அழகோ, மலர்ச்சியோ, மென்மையோ, நாமே நிரப்பிக்கொள்கிறோம். நிரப்ப முடிகிறது என்றால், தாமரை எப்படிப்பட்டது என்று நமக்கெல்லாம் முன்கூட்டியே தெரியும் என்று பொருள்.

இப்போது அந்த மாணவியின் நோட்டுக்கு வருவோம். உலக நாடுகள் ஓர் அரசை ஒதுக்கிவைத்தால் ஆங்கிலப் பத்திரிகைகள் அதை 'பரையா ஸ்டேட்' என்று எழுதுகின்றன. அந்த நாடு உவமேயம். நம் மக்கள் உவமானம். பொதுத்தன்மை சொல்லப்படவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. ஒதுக்கப்படுவதுதான் பறையரின் இயல்பு என்பது எல்லோருக்கும் தெரிந்த உண்மைபோல அங்கே உட்கார்ந்திருக்கிறது. தமிழிலிருந்து 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலத்துக்குப் போன ஒரு மக்களின் பெயர் அது. ஐரோப்பியர்கள் இங்கே கண்ட சாதிக் கொடுமையைத் தங்கள் மொழிக்கு எடுத்துப்போனார்கள். போகும் வழியில் கொடுமை செய்தவன் காணாமல் போனான். கொடுமைக்கு ஆளானவனின் பெயர் மட்டும் அகராதியில் தங்கிவிட்டது. ஒதுக்கியவனுக்கு ஆங்கிலத்தில் ஒரு சொல் கிடைக்கவில்லை; ஒதுக்கப்பட்டவனுக்குக் கிடைத்தது.

உவமை இரண்டு பக்கமும் வேலை செய்கிறது. உவமேயத்தை விளக்குகிறது, அதே நேரத்தில் உவமானத்தை ஒரே குணத்தில் ஆணியடித்து நிறுத்துகிறது. பொதுத்தன்மை என்ற அந்த மறைவான உறுப்பை முடிவு செய்தது யார் என்று கேட்பதுதான் படிப்பு. நம் ஊர்ப் பழமொழிகளில் எத்தனை சாதிப் பெயர்கள் கிடக்கின்றன, அவற்றில் எத்தனை உழைப்பவரின் பெயர்கள், அவற்றுக்கு என்னென்ன 'பொதுத்தன்மை' ஏற்றப்பட்டிருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். நாங்கள் இங்கே எடுத்து எழுதப்போவதில்லை. உங்கள் காதுக்கே தெரியும்.

அணி என்றால் நகையா?

பள்ளியில் இதை எப்படி நடத்துகிறார்கள்? 'இப்பாடலில் பயின்று வந்துள்ள அணியை விளக்குக' என்று ஒரு வினா. அணியின் பெயர், அணி இலக்கணம், அணிப் பொருத்தம் என்று மூன்று தலைப்பு. மூன்றையும் கைடில் உள்ளபடி ஒப்பித்தால் முழு மதிப்பெண். எடுத்துக்காட்டு உவமை அணி, பிறிதுமொழிதல் அணி, தற்குறிப்பேற்ற அணி, இல்பொருள் உவமை அணி என்று பெயர்களை மனப்பாடம் செய்துவிட்டால், கவிதையை வாசிக்காமலே விடை எழுதலாம். எழுதுகிறார்கள்.

'அணி' என்ற சொல்லே பிள்ளைகளுக்கு ஒரு செய்தி சொல்லிவிடுகிறது. அணி என்றால் நகை. கவிதை ஏற்கெனவே இருக்கிறது, அதன்மேல் உவமையை மாட்டிவிட்டிருக்கிறார்கள், கழற்றி வைத்தாலும் கருத்து அப்படியே இருக்கும் என்று பிள்ளைகள் நம்பிவிடுகிறார்கள். தண்டியின் வடமொழி 'காவியாதர்ச'த்தைத் தழுவி 12-ஆம் நூற்றாண்டில் தமிழில் 'தண்டியலங்காரம்' எழுந்தது. அலங்காரம் என்றாலும் அணிதான்.

அதற்குப் பல நூற்றாண்டு முந்திய தொல்காப்பியத்தில் இதற்கென்று தனி இயலே உண்டு, பெயர் உவமவியல். உவமை எதன் அடிப்படையில் பிறக்கிறது என்று கேட்டு, வினை, பயன், மெய், உரு என்று நான்கைச் சொல்கிறது அது. செயலால் ஒப்பு, விளைவால் ஒப்பு, வடிவால் ஒப்பு, நிறத்தால் ஒப்பு. இதில் 'பயன்' என்ற ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். ஓர் ஒப்புமையால் யாருக்கு என்ன விளைகிறது என்று கேட்பதற்கு அந்தச் சொல்லே போதும். அரசியல் கோட்பாட்டு நூல் எதுவும் வேண்டாம். பள்ளிக்கூடத்துப் பாடத்திலேயே இருக்கிறது கருவி. அதை எடுத்துப் பயன்படுத்த விடுவதில்லை.

தொல்காப்பியத்தைத் தலையில் தூக்கிவைத்து ஆடச் சொல்கிறோம் என்று நினைக்க வேண்டாம். அன்பின் ஐந்திணைக்குத் தலைவனும் தலைவியுமாக நிற்க யாருக்குத் தகுதி என்று அதே தொல்காப்பியத்தில் ஒரு பிரிவினை இருக்கிறது. அடியோருக்கும் வினைவலருக்கும், அதாவது அடிமைகளுக்கும் ஏவல் செய்யும் உழைப்பாளிகளுக்கும், கைக்கிளையும் பெருந்திணையும்தான் என்று உரையாசிரியர்கள் பொருள் கொண்டார்கள். ஒருதலைக் காதலும் பொருந்தாக் காதலும் நமக்கு. ஒத்த அன்பு அவர்களுக்கு. யாருடைய காதல் இலக்கியத்துக்குப் பொருளாகும் என்ற கேள்வி அவ்வளவு பழையது. சாதி மாறிக் காதலித்த பிள்ளைகள் தண்டவாளத்தில் கிடக்கும் காலத்தில் வாழும் நமக்கு அது புதிய கேள்வியும்கூட. ஐந்திணையை நடத்தும் எந்த வகுப்பிலாவது இதைச் சொல்லிக் கேட்டதுண்டா?

உடலும் கோபுரமும்

உவமை நகை அல்ல, வாதம் என்பதற்கு எங்கள் படிப்பகத்தில் நாங்கள் நடத்தும் பாடம் ஒன்றைச் சொல்கிறோம். பலகையில் இரண்டு படம் வரைவோம். ஒன்று மனித உடல். மற்றொன்று பல மாடிக் கோபுரம்.

முதல் படம் ரிக் வேதத்தின் பத்தாம் மண்டலத்தில் உள்ள புருஷ சூக்தத்திலிருந்து வருவது. ஆதி புருஷனின் வாய், கை, தொடை, பாதம் என்று நான்கு வருணத்தையும் ஓர் உடலில் வைத்த உருவகம். பிள்ளைகளிடம் கேட்போம்: சமூகத்தை உடல் என்று சொன்னால் என்ன நடக்கிறது? அவர்களே சொல்வார்கள். உடலை யாரும் கட்டவில்லை, அது பிறந்தது. எனவே குறை சொல்ல ஆள் இல்லை. பாதம் வாயாக முடியாது. பாதம் வேலையை நிறுத்தினால் உடம்பு விழுந்துவிடும். எனவே பாதம் சொன்னபடி கேட்க வேண்டும். வாய் பேசும், பாதம் பேசாது. கடைசியில் ஒரு பையன் எழுந்து, "அண்ணா, இதுல நாம எங்க இருக்கோம்?" என்று கேட்பான். நான்கு வருணத்துக்குள் நாம் இல்லை. அந்த உடம்பிலேயே நமக்கு இடம் வைக்கவில்லை.

இரண்டாவது படம் பாபாசாகேப் அம்பேத்கருடையது. 1920 ஜனவரி 31 அன்று வெளிவந்த 'மூக்நாயக்' முதல் இதழில், இந்து சமூகத்தை அவர் ஒரு பல மாடிக் கோபுரத்துக்கு ஒப்பிட்டார். மாடிக்கு மாடி ஏறிப்போகப் படி கிடையாது. நுழைவதற்கு வாசலும் கிடையாது. இதையும் பிள்ளைகளிடமே விடுவோம். கோபுரம் தானாகப் பிறக்காது, யாரோ கட்டியது. கட்டியவனுக்குப் படி வைக்கத் தெரியாமல் இல்லை, வேண்டுமென்றே வைக்கவில்லை. மேல் மாடியில் இருப்பவனின் தகுதிக்கும் அவன் இருக்கும் மாடிக்கும் தொடர்பு இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, கட்டியதை இடிக்கலாம்.

அவ்வளவுதான் பாடம். ஒரே சமூகம், இரண்டு உருவகம். ஒன்று 'இது இயற்கை, அடங்கு' என்கிறது. மற்றொன்று 'இது ஏற்பாடு, கேள்வி கேள்' என்கிறது. இந்த ஒப்புமைகளைக் கழற்றி வைத்துவிட்டால் இரண்டிலும் கருத்து என்று எதுவும் மிஞ்சாது. ஒப்புமையே கருத்து. பெயரையும் இலக்கணத்தையும் மட்டும் கேட்கும் தேர்வில் இரண்டுக்கும் ஒரே விடை, ஒரே மதிப்பெண்.

அட்டவணைக்குள் அடைபட்ட பறை

கருப்பொருள் என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் என்று பிள்ளைகள் அட்டவணை போட்டு மனப்பாடம் செய்கிறார்கள். குறிஞ்சிக்குத் தொண்டகப் பறை, முல்லைக்கு ஏறுகோட்பறை, நெய்தலுக்கு மீன்கோட்பறை என்று கட்டம் கட்டமாக எழுதுகிறார்கள். பறை இல்லாத திணை கிடையாது. அதே பிள்ளை வீட்டுக்குப் போகும் வழியில் பறையைச் 'சாவு மேளம்' என்று சொல்வதைக் கேட்கிறது. அவனுடைய அப்பா இழவு வீட்டில் அடிக்க மறுத்ததற்காக ஊரோடு மல்லுக்கு நிற்கிறார். மனப்பாடம் செய்த அட்டவணையும் அப்பாவின் மறுப்பும் ஒரே கருவியைப் பற்றியவை என்று எந்த ஆசிரியராவது இணைத்துச் சொன்னாரா?

சங்கப் பாடல்களில் போருக்கும் பறை உண்டு, மணத்துக்கும் உண்டு, சாவுக்கும் உண்டு. திருக்குறளில் கயமை அதிகாரத்தில் ஓர் உவமை வருகிறது: கேட்ட இரகசியத்தை ஊரெல்லாம் சொல்லித் திரிகிற கயவரை அடிக்கப்படும் பறைக்கு ஒப்பிடுகிறார் வள்ளுவர். காமத்துப்பாலில் அதே பறை இன்னொரு இடத்தில் வருகிறது. பிரிவால் வாடும் பெண்ணின் கண்கள் அவள் மறைக்க நினைப்பதை ஊருக்குச் சொல்லிவிடுகின்றன. அந்தக் கண்கள் பறை. முதல் உவமையைக் கேட்டதும் எங்கள் பையன்கள் கோபப்பட்டார்கள். நாங்கள் இரண்டாவதையும் சேர்த்து வாசிக்கச் சொன்னோம். இரண்டிலும் பொதுத்தன்மை ஒன்றுதான்: மறைவாக இருப்பதை ஊரறியச் செய்வது. ஓரிடத்தில் அது இழிவு, மற்றோரிடத்தில் இரக்கம். அடிப்பவரைப் பற்றி இரண்டிலும் பேச்சே இல்லை. எல்லா உவமையும் வசை அல்ல. எது வசை, எது அல்ல என்று பிரிக்கத் தெரிவதற்குத்தான் பொதுத்தன்மையைத் தேட வேண்டும். செய்தி சொன்ன கருவி, சாவுக்கு மட்டும் என்று எப்போது சுருக்கப்பட்டது, யார் சுருக்கினார்கள் என்ற கேள்வி அங்கிருந்துதான் தொடங்கும்.

'மனிதநேயம்' என்னும் வெள்ளையடிப்பு

கருப்பொருளுக்கு இன்னொரு பொருளும் உண்டு; ஒரு படைப்பின் மையக்கருத்து. 'இக்கதையின் மையக்கருத்தை எழுதுக' என்று கேட்டால் கைடுகளில் நான்கைந்து விடைதான் சுற்றிச் சுற்றி வரும்: மனிதநேயம், வறுமை, தாயன்பு, உழைப்பே உயர்வு. சாதியைப் பற்றிய கதைக்கும் மனிதநேயம்தான் மையக்கருத்து. தீண்டாமையைப் பற்றிய கதைக்கு வறுமை. பொதுக் குடத்தில் தண்ணீர் மறுக்கப்பட்டால் அது வறுமையா? தாகத்தை வறுமை என்று எழுதினால் மதிப்பெண் உண்டு. சாதி என்று எழுதினால் 'பாடத்தில் இல்லாததை எழுதாதே' என்று சிவப்பு மை. எங்கள் பிள்ளைகளின் விடைத்தாள்களில் அந்தச் சிவப்பு மையைப் பார்த்திருக்கிறோம்.

மையக்கருத்து கதைக்கு வெளியிலிருந்து கொண்டுவந்து ஒட்டும் நீதிமொழி அல்ல. கதைக்குள் திரும்பத் திரும்ப வரும் பொருள்களிலிருந்தும் தலைப்பிலிருந்தும் யார் பேசுகிறார்கள், யார் வாய் மூடியிருக்கிறார்கள் என்பதிலிருந்தும் எடுக்க வேண்டியது. நம் எழுத்தாளர்களின் தலைப்புகளை மட்டும் பாருங்கள்.

பாமாவின் 'கருக்கு' 1992-இல் வெளிவந்தது. அதன் ஆங்கில மொழிபெயர்ப்புக்கு 2000-இல் கிராஸ்வேர்டு விருது கிடைத்தது. கருக்கு என்றால் பனைமட்டையின் இரண்டு ஓரத்திலும் இருக்கும் ரம்பப் பற்கள். பிடிப்பவர் கையைக் கிழிக்கும், அறுக்கவும் உதவும். அந்தச் சொல்லுக்குள்ளேயே 'கரு'வும் இருக்கிறது. இதைப் படிப்பகத்தில் நடத்தும்போது ஒரு பனைமட்டையை வெட்டிக் கொண்டுவந்து நடுவில் போட்டோம். நகரத்துப் பிள்ளைக்குத்தான் விளக்கம் தேவைப்பட்டது. விறகு பொறுக்கிய பிள்ளைகளுக்குக் கையில் தழும்பு இருந்தது. 'எங்களைக் கிழித்தது எது, நாங்கள் எதை அறுக்கப் போகிறோம்' என்று ஒரு பெண்பிள்ளை மையக்கருத்து எழுதினாள். எந்தக் கைடிலும் அந்த வரி இல்லை.

டி.செல்வராஜின் 'தோல்', 2012-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற நாவல். திண்டுக்கல் தோல் பதனிடும் தொழிலாளர்களின் கதை. பதனிடப்படுவது மாட்டின் தோல். சுண்ணாம்பிலும் இரசாயனத்திலும் வெந்து போவது யாருடைய தோல்? தலைப்பு ஒரே சொல்லில் இரண்டையும் பிடித்துக்கொள்கிறது. ப.சிவகாமி 1989-இல் வெளிவந்த தம் நாவலுக்குப் 'பழையன கழிதலும்' என்று பெயர் வைத்தார். பவணந்தியின் நன்னூலில், பழைய சொற்கள் வழக்கொழிவதைப் பற்றிய இலக்கண விதியிலிருந்து வரும் தொடர் அது. சொற்களுக்கான விதியைச் சாதிக்கும் அரசியலுக்கும் பொருத்திக் காட்டிய தலைப்பு. இலக்கணத்தை எப்படிப் பயன்படுத்த வேண்டும் என்று நம் எழுத்தாளர்கள் காட்டிவிட்டார்கள். வகுப்பறைதான் பின்தங்கி நிற்கிறது.

இன்றைய செய்தித்தாளில் உருவகம்

"கவிதை, கதை எல்லாம் சரி தோழர், களத்துக்கு இதனால் என்ன லாபம்?" என்று கேட்பவர்களுக்கு மூன்று சொற்களைக் காட்டுகிறோம்.

முதலாவது 'கௌரவக் கொலை'. பெற்ற பிள்ளையைக் கொன்றவனுக்கு அந்தச் சொல்லே கௌரவம் கொடுத்தது. இயக்கங்கள் அதை விடவில்லை. 'ஆணவக் கொலை' என்று எழுதினோம், பேசினோம், முழக்கமிட்டோம், பதாகையில் வைத்தோம். இன்று பத்திரிகைகளும் தொலைக்காட்சிகளும் அப்படித்தான் எழுதுகின்றன. கொலை நிற்கவில்லை. ஆனால் கொலைகாரன் கௌரவத்தைக் காப்பாற்றியவனாகச் செய்தியில் வர முடிவதில்லை. ஒரு சொல்லின் பொதுத்தன்மையை நாம் மாற்றினோம்.

இரண்டாவது 'நாடகக் காதல்'. சாதி கடந்த காதலைத் திட்டமிட்ட நடிப்பு என்று காட்டும் உருவகம். நாடகம் என்றால் இயக்குநர் ஒருவர் இருக்க வேண்டும், நடிகர் இருக்க வேண்டும், ஏமாறும் பார்வையாளர் இருக்க வேண்டும். இந்த மூன்று இடத்திலும் யாரை உட்காரவைக்கிறார்கள் என்று பாருங்கள். நம் இளைஞன் நடிகன். நம் இயக்கம் இயக்குநர். அவர்கள் வீட்டுப் பெண் ஏமாளி. அவளுக்குச் சொந்த அறிவும் இல்லை, விருப்பமும் இல்லை. ஒரே சொல்லில் தலித்தையும் பெண்ணையும் இழிவுபடுத்தும் வேலை. 2012 நவம்பர் 7 அன்று தருமபுரி மாவட்டத்தில் நத்தம், அண்ணாநகர், கொண்டம்பட்டி ஆகிய நம் குடியிருப்புகள் எரிந்தபோது, நெருப்புக்கு முன்னும் பின்னும் இப்படிப்பட்ட சொற்கள் உலவின. உருவகத்தைப் பிரித்துக் காட்டத் தெரிந்த பத்து மாணவர்கள் ஓர் ஊரில் இருந்தால், இந்தச் சொல்லை மேடையில் வைத்தே உடைக்கலாம்.

மூன்றாவது 'காலனி'. குடியிருப்பு என்ற சாதாரணப் பொருளில் வந்த சொல், ஊருக்கு வெளியே நாம் இருக்கும் இடத்தின் அடையாளமாக மாறியது. 2025 ஏப்ரலில், அந்தச் சொல் ஆதிக்கத்துக்கும் தீண்டாமைக்கும் குறியீடாகிவிட்டதால் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று தமிழ்நாடு முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். ஒரு சொல் குறியீடாக மாற முடியும் என்று அரசே ஒப்புக்கொண்டிருக்கிறது. பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு அதைச் சொல்லிக்கொடுப்பது எப்படி 'பாடத்துக்கு வெளியே' ஆகும்?

'இலக்கியத்தில் அரசியலைக் கலக்காதீர்கள்'

இதைச் சொல்பவர்களிடம் ஒன்று கேட்கிறோம். உடலின் பாதத்தில் ஒரு மக்களை வைத்தது அரசியல் இல்லையா? வைத்தது இலக்கியம், கேட்டால் அரசியலா?

நம் பக்கத்திலிருந்தும் ஒரு குரல் வருகிறது. இழிவான வரிகள் உள்ள நூல்களைத் தூக்கி எறியுங்கள், பிள்ளைகள் ஏன் அதைப் படிக்க வேண்டும் என்று. கோபம் புரிகிறது. ஆனால் 1927 டிசம்பர் 25 அன்று மகாத்தில் மனுஸ்மிருதியை எரிக்கத் தலைமை தாங்கியவர், அதை வரிவரியாகப் படித்தவர். 1946-இல் 'சூத்திரர்கள் யார்?' நூலில் புருஷ சூக்தத்தைப் பிரித்து மேய்ந்தவரும் அவரே. படிக்காமல் எரிப்பது எளிது. எதை எரிக்கிறோம் என்று தெரியாமல் போகும். பண்டிதர் அயோத்திதாசர் ஆத்திசூடியையும் குறளையும் எதிரிக்கு விட்டுக்கொடுக்கவில்லை. தாமே உரை எழுதினார். தம் பாட்டனார் கந்தப்பன் திருக்குறள் ஏட்டுச்சுவடியை எல்லிஸ் துரைக்குக் கிடைக்கச் செய்தார் என்றும் அவர் எழுதியிருக்கிறார். இலக்கியம் நமக்கு இரவல் சொத்து அல்ல.

ஆகவே, மாலை வகுப்பு எடுக்கும் தோழர்களுக்கு எங்கள் வேண்டுகோள். முதலில் தேர்வுக்கான விடையைப் பிழையில்லாமல் சொல்லிக்கொடுங்கள். அணியின் பெயரும் இலக்கணமும் பொருத்தமும் பிள்ளைக்குத் தெரிந்தே ஆக வேண்டும். மதிப்பெண்ணை நாம் யாருக்கும் தானமாகக் கொடுக்க வேண்டியதில்லை. அதன்பிறகு நோட்டை மூடச் சொல்லிவிட்டு ஐந்து கேள்விகள் கேளுங்கள்.

1. எதை எதனோடு ஒப்பிடுகிறார்கள்?
2. பொதுத்தன்மை என்ன? சொல்லியிருக்கிறார்களா, நமக்கே தெரியும் என்று விட்டுவிட்டார்களா?
3. பேசுவது யார், யாரிடம்? ஒப்புமைக்கு ஆளானவருக்கு அங்கே பேச வாய்ப்பு இருக்கிறதா?
4. இந்த ஒப்புமை எதை மறைக்கிறது? படத்தில் யார் இல்லை?
5. உவமானத்தை மாற்றினால் என்ன ஆகும்? நீ எழுதினால் எதனோடு ஒப்பிடுவாய்?

ஐந்தாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். முதல் நான்கும் பிள்ளையை விமரிசகனாக்கும். ஐந்தாவதுதான் எழுத வைக்கும்.

பத்தாவது சொல்லுக்கு வருகிறோம். அன்று அந்த மாணவிக்கு நாங்கள் வாக்கியம் எழுதிக் கொடுக்கவில்லை. தாத்தா இரட்டைமலை சீனிவாசன் 1893-இல் சென்னையில் ஒரு பத்திரிகை தொடங்கினார், அதற்குப் 'பறையன்' என்றே பெயர் வைத்தார் என்று சொன்னோம். வசையாக வீசப்பட்ட பெயரைத் தலைப்பில் வைத்து விற்றார். அதே காலத்தில் அயோத்திதாசர் அந்தப் பெயரே நமக்கு வேண்டாம் என்று வாதிட்டார் என்றும் சொன்னோம். இரண்டு பேரும் நம் முன்னோர். எந்த வழி என்பதை நீயே முடிவு செய் என்றோம். அவள் வெகுநேரம் யோசித்துவிட்டு ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் எழுதினாள். தமிழில் சொன்னால் இப்படி வரும்: 'பரையா என்ற சொல்லை உருவாக்கியவர்கள், கதவைச் சாத்தியவர்களுக்கு ஒரு சொல் உருவாக்க மறந்துவிட்டார்கள்.'

மறுநாள் வகுப்பில் அதை வாசித்திருக்கிறாள். பின்வரிசையில் யாரும் சிரிக்கவில்லையாம். ஆசிரியர் சரி என்றும் போடவில்லை, தவறு என்றும் போடவில்லை. வகுப்பு முடிந்ததும் கூப்பிட்டு, "இதெல்லாம் எங்கம்மா படிச்ச?" என்று கேட்டாராம். படிப்பகத்தின் பெயரைச் சொல்லியிருக்கிறாள். அவர் வந்தால் வரவேற்போம். பனைமட்டை இன்னும் அங்கேதான் கிடக்கிறது.

உங்கள் ஊரில் ஒரு படிப்பகம் இருக்கிறதா? இருந்தால் இந்த வாரமே ஐந்து கேள்விகளோடு போங்கள். இல்லையென்றால் ஒரு திண்ணை போதும், தொடங்குங்கள்.

ஜெய் பீம்.